பாசமா? பாக்கியா?

1961ஆம் வருஷம் மே மாதம் வெளிவந்த "பாசமலர்" படத்தைப் பற்றி இப்போது என்ன எழுத்து வேண்டியிருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். அது செத்துப்போன சங்கதியாயிருந்தால் நாமும் அதன் பக்கம் திரும்பியிருக்க மாட்டோம். ஆனால் அது சாகவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் வரைக்கும் ரோட்டின் இரு பக்கத்திலும் கம்பெனிகளுக்கு இடையிடையே கலியாண மண்டபங்கள் முளைத்திருக்கின்றன அல்லவா? அந்த மண்டபங்களில் பெண்ணை மணமேடைக்கு அழைத்து வருகிற நேரத்தில் அந்தப் படத்தின் பாட்டு இன்றைக்கும் ஒலிபெருக்கியில் வைக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. புரோகிதனை விலக்கிவிட்டுச் சுயமரியாதைக் கலியாணம் செய்கிற நம் தோழர்கள் வீட்டிலும் அந்தப் பாட்டை விலக்கக் காணோம். மந்திரம் எழுந்து போன மணையில் மெட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

"அந்தப் படத்தில் சாமி வந்து வரம் கொடுக்கவில்லை, முனிவர் சாபமிடவில்லை, அது குடும்பக் கதைதானே, அதன்மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று நம்மிடம் நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. சாமி வரவில்லை என்பது வாஸ்தவம். சாமிக்குப் பதில் பாசம் வந்திருக்கிறது. சாமியிடம் கணக்குக் கேட்டால் பாவம் என்று நம் பாட்டனுக்குச் சொல்லி வைத்தார்கள். பாசத்திடம் கணக்குக் கேட்டால் பாவம் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

கதையைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் அநேகமாய் இல்லை என்றாலும், நாம் கேட்கப்போகும் கேள்விக்காகச் சிறிது சொல்லுகிறோம். தாய் தகப்பனில்லாத அண்ணனும் தங்கையும். அண்ணன் ராஜசேகரனாகச் சிவாஜி கணேசன், தங்கை ராதாவாகச் சாவித்திரி. அண்ணன் ஆலைத் தொழிலாளி. அவனுக்கு வேலை போய்விடுகிறது. ஊரைவிட்டே போய்விடலாமா என்று அவன் கலங்கி நிற்கிறபோது, தங்கை தான் பொம்மை செய்து விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, இதைப் போட்டுத் தொழில் நடத்து என்கிறாள். அந்தப் பணத்தில்தான் அண்ணன் முதலாளியாகிறான். பங்களா வருகிறது, கார் வருகிறது, வேலைக்காரர் வருகிறார்கள். பிறகு அவனுடைய பழைய சிநேகிதன் ஆனந்தன், அதாவது ஜெமினி கணேசன், வேலை கேட்டு வருகிறான். ராதாவுக்கும் அவனுக்கும் காதல் உண்டாகிறது. அவனே தொழிலாளர் பக்கம் நின்று வேலைநிறுத்தத்தை நடத்துகிறான். அண்ணனுக்குக் கோபம் வருகிறது, பிறகு தங்கையின் மனதைக் கண்டு கோபம் போகிறது, கலியாணம் நடக்கிறது. அதற்கப்புறம் ஆனந்தனின் அத்தையால் கலகம், பிரிவு, கண்ணீர். கடைசியில் அண்ணன் தீபாவளிப் பட்டாசிலிருந்து தங்கை குழந்தையைக் காப்பாற்றப்போய்க் கண்ணை இழந்து சாகிறான், தங்கையும் அவன் மேலேயே விழுந்து சாகிறாள். (நரகாசுரனைக் கொன்றதாகச் சொல்லும் பண்டிகைக்கு ஒருவன் தன் கண்ணைக் கொடுத்ததைப் பார்த்து அழுத ஜனங்கள், அடுத்த தீபாவளிக்குப் பட்டாசு வாங்காமலிருந்தார்கள் என்று நாம் கேள்விப்படவில்லை.)

இப்போது கேட்கிறோம். அந்தத் தொழிலுக்கு மூலதனம் யாருடையது? பொம்மைக்குக் களிமண் பிசைந்த கை யாருடையது? ஒரு சேட்டிடம் அந்தப் பணத்தைக் கடன் வாங்கியிருந்தால் வட்டி கொடுத்திருப்பான். ஒரு சிநேகிதனிடம் வாங்கியிருந்தால் பங்கு எழுதியிருப்பான். தங்கையிடம் வாங்கினதால் வட்டியுமில்லை, பங்குமில்லை, அழுகை மாத்திரம் உண்டு. அண்ணன் அவளுக்குக் கொடுப்பதெல்லாம் படத்தில் பாசம் என்றும் தியாகம் என்றும் பேசப்படுகிறதே ஒழிய, பாக்கி என்று ஒரு வாய் பேசக் காணோம். பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறவனைத் தியாகி என்று எந்தச் செட்டியார் கடையிலாவது சொல்லுவார்களா? ஆரூர்தாசின் வசனங்கள் எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அத்தனை வசனத்துக்கு இடம் இருந்த படத்தில், "ராதா, இந்தக் கம்பெனியில் பாதி உன்னுடையது, நீயும் வந்து இந்த நாற்காலியில் உட்கார்" என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா?

அண்ணன் தங்கையை வைத்து அழவைக்கும் கதை நமக்குப் புதிதல்ல. நல்லதங்காள் கதையைக் கேட்டு நம் தாய்மார்கள் அழுத அழுகைக்கு அளவே கிடையாது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணன் பெண்சாதி மூளியலங்காரி விரட்டுகிறாள், அவள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். அண்ணனோ உத்தமன், வீட்டில் இல்லாமல் போனவன், அவ்வளவுதான். அந்தத் தங்கைக்குத் தகப்பன் சொத்தில் ஒரு காணி நிலம் இருந்திருந்தால் கிணற்றுக்கு வேலையே இருந்திராது என்று எந்தக் கதைப்பாட்டுக்காரராவது உடுக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னதுண்டா? பாசமலரிலும் அதே ஏற்பாடுதான். அண்ணன் நல்லவன், புருஷன் நல்லவன், தங்கை தெய்வம். கெட்டவர் என்று ஒருவர் வேண்டுமே, அதற்கு ஒரு அத்தை. சொத்து முறை கெட்டதாயிருந்தால் அதன் பழி எங்கேயாவது ஒரு பொம்பளை தலையில் விழவேண்டும், அப்போதுதான் முறைக்குக் கெடுதி வராது.

அந்தப் படத்தை மறு வருஷமே, 1962இல், பீம்சிங்கே இந்தியில் எடுத்தார். அதற்கு வைத்த பெயர் "ராக்கி". தங்கை அண்ணன் கையில் கயிறு கட்டி, என்னைக் காப்பாற்று என்று கேட்கும் சடங்கின் பெயர். தமிழில் மலர் என்று மூடி வைத்ததை வடக்கே கயிறு என்று திறந்தே சொல்லிவிட்டார்கள். முதல் போட்டுக் காப்பாற்றினவள் தங்கை, காப்பவன் என்று பெயர் வாங்கினவன் அண்ணன்!

நிற்க, சங்கீதத்துக்கு வருவோம். விசுவநாதன்–ராமமூர்த்தி இருவரின் சங்கீதம் மட்டமானது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. சங்கீதம் என்றால் தெலுங்குக் கீர்த்தனை, சபா, பக்கத்தில் வீபூதி அல்லது நாமம் என்றிருந்த நாட்டில், கூலிக்காரனும் முணுமுணுக்கக் கூடிய தமிழ்ப் பாட்டைக் கொடுத்தவர்கள் அவர்கள். சௌந்தரராஜன் குரல் நம் ஊர் வண்டிக்காரன் குரலைப் போல் தெளிவாயிருக்கிறது. சுசீலா பாடினால் வார்த்தை ஒன்றுகூடக் கீழே சிந்துகிறதில்லை. ஈஸ்வரி பாடிய பெண்ணழைப்புப் பாட்டில் உள்ள குதூகலத்தைக் கேட்டால் நமக்கே கால் தாளம் போடுகிறது. பாட்டு மட்டமாயிருந்தால் ஆபத்தில்லை. மட்டமான பாட்டு மூன்று மாதத்தில் போய்விடும். நல்ல பாட்டுத்தான் மூன்று தலைமுறைக்கு நின்று, தன்னோடு கட்டி அனுப்பிய சரக்கையெல்லாம் வீட்டுக்குள் இறக்கிவிட்டுப் போகிறது.

என்ன சரக்கு என்று கேட்டால் அந்தப் படத்துத் தாலாட்டையே எடுத்துக்கொள்வோம். கண்ணதாசன் எழுதியது. அண்ணன் தன் வீட்டில் ஆண் குழந்தையை வைத்துக்கொண்டும், தங்கை தன் வீட்டில் பெண் குழந்தையை வைத்துக்கொண்டும் பாடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த மெட்டுக்குத் தூங்காத குழந்தை குறைவு. பொருளைப் பார்த்தீர்களா? ஆண் குழந்தைக்கு யானைப்படையும் வெற்றியும் ஆட்சியும், அத்தோடு அத்தை மகளும். பெண் குழந்தைக்குத் தங்கமும் வைரமும், அவற்றைக் கொடுத்துச் சம்பந்தம் பேச வரும் மாமனும். தொட்டிலிலேயே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது! ஒன்று ஆளப் போகிறது, மற்றொன்று கட்டிக்கொடுக்கப்படப் போகிறது. பொம்மை செய்து அண்ணனை முதலாளியாக்கிய ஒரு தாய், தன் பெண்ணுக்கு, "நீயும் ஒரு தொழில் நடத்து" என்று பாட வேண்டாமா? அவளுடைய சொந்த அனுபவமே அவள் தாலாட்டில் ஏறவில்லை. எழுதினவர் பாதகமாய் எழுத வேண்டும் என்று எண்ணி எழுதியிருப்பார் என்று நாம் சொல்லவில்லை. நாட்டு வழக்கம் அவர் கையைப் பிடித்து எழுதிற்று. வழக்கத்தையும் அழகையும் சேர்த்துக் குழைத்தால் யாருக்கும் கசப்புத் தெரியாது.

ஏழைகளாயிருந்தபோது அந்த அண்ணனும் தங்கையும் சேர்ந்து பாடுகிற நம்பிக்கைப் பாட்டு ஒன்றும் உண்டு. அதில் காலம் வரப்போவது இருவருக்கும். வந்த காலமோ ஒருவன் பேரில் போர்டு எழுதி மாட்டிற்று.

வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கூலிச் சண்டை என்று ஆரம்பித்த சங்கதி, சிநேகிதத் துரோகமாகி, காதல் தடையாகி, கலியாணத்தில் போய் முடிகிறது. சங்கத்துக்கு முன்நின்றவன் மைத்துனனாகி மாளிகைக்குள் போய்விட்டான். கதை அவன் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது. வெளியே நின்ற தொழிலாளர்களைப் பற்றி அப்புறம் அழுவாரில்லை. அவர்களுக்கென்று ஒரு சோகப் பாட்டாவது போட்டிருக்கலாம்.

இந்த ரோட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது விளையாட்டுச் சங்கதியல்ல. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்க் கம்பெனி வந்ததிலிருந்து இந்தப் பகுதியில் கார், போன், டிவி, டயர் என்று கம்பெனிகள் நெருங்கி வந்துவிட்டன. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சை வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே கேட்காதவர்கள் இங்கே எத்தனை பேர்? குடும்பம் என்றால் கணக்குக் கேட்கக் கூடாது என்பது பாசமலரில் படித்த பாடம் அல்லவா? ஆனால் ஜனங்கள் எப்போதும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதியில் போட்ட சாப்பாட்டால் தங்களில் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தபோது, சோகராகம் பாடிக்கொண்டிருக்காமல் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகள் சரியில்லை என்பது ஒத்துக்கொள்ளப்பட்ட பிறகே ஜனவரியில் திறந்தது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9ஆம் தேதி துவங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் கேட்டதில் முக்கியமானது தங்கள் சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. எந்த மைத்துனனும் குறுக்கே வரவில்லை, எந்தத் தங்கையும் நடுவில் நின்று அழவில்லை, காரியம் நடந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் கலியாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2024 ஜூன் மாதம் எழுதியது. கம்பெனி, தான் அப்படிப் பாகுபாடு செய்வதில்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. கலியாணமான பெண்ணுக்குக் குடும்பக் கடமை உண்டு, அவள் வேலைக்கு ஒழுங்காய் வரமாட்டாள் என்கிற எண்ணம் எங்கேயோ வெளிநாட்டில் பிறந்து இங்கே இறக்குமதியானதா? நம் வீட்டு மணமேடையில், நம் ஒலிபெருக்கியில், நாமே தேங்காய் உடைத்துத் துவக்கிவைப்பதல்லவா? படத்தில் பொம்மை செய்து சம்பாதித்த பெண்ணின் கைவேலையைக் கலியாணத்துக்கு அப்புறம் யாராவது தேடினார்களா? வல்லம்–வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியாக 2024 ஆகஸ்டில் சிப்காட் கட்டித் திறந்திருக்கிற விடுதியைப் பார்த்தால் சந்தோஷமாய்த்தான் இருக்கிறது. அத்தனை பெண்களுக்கும் படுக்கை உண்டு, சம்பளம் உண்டு. சம்பளம் மாதம் பிறந்து எந்தப் பெயரிலுள்ள பாங்குக் கணக்குக்குப் போய்ச் சேருகிறது, அதிலிருந்து யார் பெயரில் மனை வாங்கப்படுகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நாம் விசாரித்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தோம். பெண், கம்பெனியொன்றில் ஆறு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவள். அவள் சம்பளத்தில்தான் அண்ணன் வேன் வாங்கிக் கம்பெனி ஆட்களை ஏற்றி ஓட்டுகிறான். பெண்ணழைப்புப் பாட்டு முழங்க அவள் மேடைக்கு வந்தாள். பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தவர், "பெண்ணின் அண்ணன் சீர்" என்று ஆரம்பித்து, இத்தனை பவுன், இன்ன பீரோ, இன்ன வண்டி என்று ஏலக் கடை மாதிரி வாசித்தார். ஜனங்கள் அண்ணனைப் பார்த்து, இதல்லவோ பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நமக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மாத்திரம், "அது அந்தப் பொண்ணு சம்பாரிச்ச துட்டுதானே" என்றாள். "சும்மா இரு ஆயா, நல்ல நாள்ல" என்று அவளை அடக்கிவிட்டார்கள். அந்த மண்டபத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது நமது அபிப்பிராயம்.

இதைவிடப் பெரிய பாக்கி நிலத்தில் இருக்கிறது. கம்பெனிகள் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் காய்ந்து கிடந்த மானாவாரிக் காடெல்லாம் பொன்னாகிவிட்டது. விற்க வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழில் பெண்களின் பெயரும் வருகிறது. வாங்குகிறவன் அவர்கள் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க மாட்டான். உடனே அண்ணன்மார்களுக்குத் தங்கை ஞாபகம் வந்துவிடுகிறது. பழமும் பூவும் புடவையும் வாங்கிக்கொண்டு போய், "அண்ணன் உனக்குச் செய்யாமலா போய்விடுவேன்" என்று சொல்லிச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டி வந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! சொத்திலிருந்து பெண்ணை விடுதலை செய்வதாம். இப்பேர்ப்பட்ட விடுதலையை எந்த ஆணாவது தனக்கு வேண்டும் என்று கேட்டதுண்டா?

இந்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் அடங்கினவை. அந்தச் செங்கல்பட்டிலேதான் 1929 பிப்ரவரியில் சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மகாநாடு கூடி, பெண்களுக்கும் ஆண்களைப்போலச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956ஆம் வருஷ இந்து வாரிசுச் சட்டம் தகப்பன் சுயமாய்ச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் கூட்டுரிமை 1989இல்தான் தமிழ்நாட்டுச் சட்டத்தால் வந்தது. அதிலும் அதற்கு முன்பே கலியாணமான பெண்களுக்கு இல்லை என்று ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2005ஆம் வருஷ மத்திய சட்டம் அதையும் எடுத்துவிட்டது. அந்தச் சட்டம் வந்தபோது தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன்னால் முறையாய் முடிந்துபோன பாகப்பிரிவினையைத்தான் கிளற முடியாது. ஆக, 1929இல் செங்கல்பட்டுப் பந்தலில் கேட்டது முழுவதும் சட்டப் புத்தகத்தில் ஏறி முடிய 76 வருஷமாயிற்று. அதைப் பத்து நிமிஷத்தில், ஒரு புடவைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீருக்கும், ஒரு கையெழுத்தால் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களே, இது அந்தச் சட்டத்தைச் செய்தவர்களின் குற்றமா? கையெழுத்துப் போட மறுக்கிற தங்கையைப் பார்த்து ஊர் என்ன சொல்லுகிறது? "பாசமில்லாதவள்" என்கிறது. கையெழுத்துக் கேட்கிற அண்ணனைப் பார்த்து ஏன் அதே வார்த்தையைச் சொல்லக் கூடாது?

"அண்ணன் தங்கை அன்பாயிருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நன்றாய்ப் பிடிக்கிறது. கூடப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்வது மனிதத் தன்மைதான். ஆனால் பங்கைக் கொடுத்துவிட்டு அன்பாயிருப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? பங்கு கொடுத்தால் போய்விடுகிற அன்பு எப்பேர்ப்பட்ட அன்பு? "சினிமாவை இப்படியெல்லாமா பார்ப்பது, அழுதுவிட்டு வரவேண்டியதுதானே" என்பார்கள். அழுதுவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தால் நாமும் சும்மாயிருப்போம். அழுதுவிட்டு வந்தவர்கள் அந்தப் பாட்டை மண்டபத்துக்கும் பத்திர ஆபீசுக்கும் அல்லவா கூடவே அழைத்துப் போகிறார்கள்?

பாட்டை நிறுத்தச் சொல்லி நாம் ஒருவரையும் கேட்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் தாராளமாய் வையுங்கள், ஈஸ்வரியின் குரலை நாமும் கேட்கிறோம். சீர்வரிசை வாசிக்கிறவர் அண்ணன் பெயருக்கு முன்னால், இத்தனை வருஷம் இன்ன வேலை செய்து இத்தனை ரூபாய் இந்த வீட்டுக்குக் கொடுத்தவள் என்று பெண்ணின் கணக்கையும் அதே மைக்கில் வாசிக்கட்டும். விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்டு அண்ணன் வந்தால், சர்வே நம்பர் என்ன, எத்தனை சென்ட், இன்றைய விலை என்ன, என் பாகம் எவ்வளவு என்று கேட்டு, அதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லட்டும். படிக்கத் தெரியாத தாய்மார்கள் பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு நம் கிளைத் தோழர்கள் யாரிடமாவது காட்டினால், அவர்கள் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுவார்கள். புடவையை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.